கலவை மெஷின் இழுக்க ஒரு பழைய பொலேரோ பிக்கப்: மூன்று வருட அனுபவம்

ராசிபுரம் பக்கம் சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் கூரைக்கு அடியில் தாங்கு பலகை அமைக்கிற வேலை, எடுத்துச் செய்கிறேன். இரும்பு ஷீட், அதைத் தாங்குகிற ஜாக்கி, சவுக்குக் கம்பு எல்லாம் சொந்தம். ஒரு தடவைக்கு ஒரு மூட்டை சிமென்ட் போட்டுக் கலக்கிற கலவை மெஷினும் உண்டு. 2022 ஆகஸ்ட் வரை எல்லாவற்றுக்கும் வாடகை வண்டிதான். கான்கிரீட் போடுகிற நாள் காலையில் வண்டிக்காரர் போனை எடுக்கவில்லை என்றால், இருபது ஆட்கள் டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கூலி மட்டும் ஓடும். அப்படி மூன்று முறை நடந்த பிறகுதான் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

எந்த வண்டி என்பதை ஷீட்டை வைத்தே கணக்குப் போட்டேன். மூன்றுக்கு இரண்டு அடி ஷீட் ஒன்று எங்களிடம் 15 கிலோ வருகிறது. ஆயிரம் சதுர அடி கூரைக்கு 167 ஷீட். ஷீட் மட்டுமே இரண்டரை டன். குட்டி யானை, அதாவது டாடா ஏஸ், முக்கால் டன் வண்டி; நாலு நடை அடிக்க வேண்டும். ஜாக்கிக்கும் கம்புக்கும் இன்னும் இரண்டு நடை. அசோக் லேலண்ட் தோஸ்த் 1.25 டன், ஷீட் இரண்டு நடையில் முடிந்துவிடும். பொலேரோ பிக்கப்பிலும் 1.25 டன் மாடல் இருக்கிறது. பாரத்தை மட்டும் பார்த்தால் பின்னிரண்டும் ஒன்றுதான். பழைய விலையில் தோஸ்த் எனக்குக் குறைவாகவும் கிடைத்திருக்கும்.

ஆனால் எனக்கு மெஷின் இழுக்கவும் வேண்டும். லிஃப்ட் வைத்த கலவை மெஷின் ஒரு டன்னைத் தாண்டும். அதற்குத் தனியாக பிரேக் கிடையாது. மேட்டில் ஏறும்போது அது பின்னால் இழுப்பதைவிட, இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளுவதுதான் ஆபத்து. முன்னால் போகிற வண்டிக்குச் சொந்த எடை இருந்தால்தான் அந்தத் தள்ளலைத் தாங்கி நிற்கும். தோஸ்த் 1478 சிசி, மூன்று சிலிண்டர். பொலேரோ பிக்கப் 2523 சிசி, நாலு சிலிண்டர். வெறும் வண்டியின் எடையும் கணிசமாக அதிகம். மெஷின் இழுக்கிற வேலை இல்லாதவர்களுக்கு நான் தோஸ்தைத்தான் சொல்வேன். சந்துக்குள் திரும்பும், டீசலும் குறைவாகக் குடிக்கும்.

வண்டி பார்க்க என் தாய்மாமாவைக் கூட்டிப்போனேன். நாமக்கல்லில் முப்பது வருடமாக மெக்கானிக். முதலில் பார்த்தது ஒரு கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி விற்கிற கடையில், நின்ற 2016 மாடல். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. வெள்ளை வெளேர் என்று இருந்தது. "எஃப்சி இப்பத்தாங்க எடுத்தோம், இரண்டு வருஷத்துக்கு நீங்க கவலையே பட வேண்டாம்" என்றார் விற்பவர். எஃப்சி என்பது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று. 4,40,000 சொன்னார். எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

மாமா இன்ஜின் பக்கம் போகவே இல்லை. ஒரு சாக்கை விரித்துப் பின் சக்கரத்துக்கு நடுவே படுத்துவிட்டார். சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம், முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட். "மாப்பிள்ளை, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். நானும் படுத்தேன். கொக்கி வைத்திருந்த குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்த இடத்தில் மண்புழு மாதிரி ஒரு வெல்டிங் கோடு. அதன் ஓரத்திலேயே இன்னொரு முடி கனத்துக்கு விரிசல், துரு ஏறியிருந்தது. ஏற்கனவே ஒருமுறை விட்டு, ஒட்டி, மறுபடி விட ஆரம்பித்திருக்கிறது. சேசிஸ் இரும்பில் நேராக வெல்டிங் வைத்தால் சூடு பட்ட ஓரம் பலம் இழந்துவிடும், இழுக்கிற இழுப்பெல்லாம் அந்த ஓரத்தில்தான் வந்து நிற்கும் என்றார் மாமா. விற்பவரிடம் எதுவும் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோங்க" என்று கிளம்பிவிட்டோம்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதிதாக எஃப்சி எடுத்த வண்டி என்றால் உடனே சந்தோஷப்படாதீர்கள். எஃப்சி காட்ட மேலேயும் கீழேயும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அதில் விரிசல், துரு, ஒட்டு எல்லாம் மறைந்துவிடும். எஃப்சி முடியப்போகிற வண்டியை அழுக்கோடு பாருங்கள். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

அப்புறம் நான் வாங்கியது அப்படிப்பட்ட வண்டிதான். 2017 ஜூன் பதிவு. பி.எஸ். என்பது புகைக்கான அரசு விதி. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 4 வண்டிகளைத்தான் பதிவு செய்தார்கள், அதனால் இது பி.எஸ். 4. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வேண்டாம் என்று நானே தவிர்த்தேன். அந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கும். வேகமாக, நீளமாக ஓடினால்தான் அது கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நான் நாள் முழுக்க ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் என்று மெஷினோடு ஊர்ந்து போகிறவன்.

வண்டி இருந்தது ஒரு கோழிப்பண்ணையில். முட்டை ஏற்றிய வண்டி. நாமக்கல்லில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். முட்டையும் பாரம்தான், ஆனால் வேகத்தடையில் குதிக்கவிட மாட்டார்கள், சடாரென்று பிரேக் அடிக்க மாட்டார்கள். எம்-சாண்ட் அடித்த வண்டிக்கும் முட்டை அடித்த வண்டிக்கும் ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இதில் எல்லாப் பட்டையும் கம்பெனி பட்டை, வளைவு இரண்டு பக்கமும் ஒரே அளவு, கூடுதல் பட்டை செருகவில்லை. ஆனால் தொட்டியின் தரை மோசம். உடைந்த முட்டை வடிந்து, தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஓரமெல்லாம் துரு அரித்திருந்தது. கட்டை விரலால் அழுத்தினால் ஒரு இடம் உள்ளே போனது. "தரைத் தகரம் மாத்திக்கலாம் மாப்பிள்ளை, சேசிஸை மாத்த முடியாது" என்றார் மாமா.

இன்ஜின் சூடானதும் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, பேக் கம்ப்ரெஷன் அடிக்கிறதா, அதாவது தேய்ந்த இன்ஜினில் வருகிற மாதிரி உள்ளிருந்து காற்று வேகமாக வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். லேசான மூச்சுதான், புகை இல்லை. கிலோமீட்டர் மீட்டரை அவர் கண்டுகொள்ளவில்லை. வண்டி எவ்வளவு ஓடியிருக்கும் என்பதற்கு, கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருந்ததை மட்டும் எனக்குக் காட்டினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நாலாவது கியரில் மெதுவாக கிளட்ச்சை விட்டுப் பார்த்தார். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் உடனே அணைய வேண்டும். இது இரண்டு நொடி முனகிய பிறகுதான் அணைந்தது. கிளட்ச் பிளேட் சீக்கிரம் கேட்கும் என்று அன்றே தெரிந்துவிட்டது. டயரில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பின் டயர் இரண்டும் 2017இலேயே வந்தவை. பண்ணைக்காரர் 4,90,000 கேட்டார். தரை, கிளட்ச், டயர், எஃப்சி எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி 4,55,000க்கு முடித்தோம். நியாயமான மனிதர், எதையும் மறைக்கவில்லை.

ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், ஃபைனான்ஸ் பெயர் இருந்தது. கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்வது போதாது. ஃபைனான்ஸிலிருந்து தடையில்லாச் சான்றும், ஆர்சியிலிருந்து அவர்கள் பெயரை நீக்குவதற்குக் கையெழுத்துப் போட்ட 35ஆம் நம்பர் படிவமும் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஆர்சியில் மொத்த எடையையும் பாருங்கள். 3000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு வண்டிக்குத் தனி பெர்மிட் தேவையில்லை. என் வண்டி அதற்குள் வருகிறது.

கொக்கி வைப்பதில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. லாரி பாடி கட்டுகிற பட்டறையில் கொடுத்து, இரண்டு சேசிஸ் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரு சி-சேனல் (சி எழுத்து வடிவ இரும்புச் சட்டம்), பக்கத்துக்கு நாலு போல்ட். சேசிஸில் ஒரு இடத்தில்கூட வெல்டிங் இல்லை. கொக்கியில் செருகுகிற ஊசி கழன்றாலும் மெஷின் போய்விடாமல் இருக்கச் சங்கிலி தனியாக. மாதம் ஒருமுறை போல்ட்டை முறுக்கிப் பார்ப்பேன். இந்த மூன்று வருடத்தில் இரண்டு முறை லேசாகத் தளர்ந்திருந்தது.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். பாரம் இருந்தால் அடங்கி ஓடும். காலியாக இருந்தால் தூக்கிப் போடும். பின்னால் பட்டை ஸ்பிரிங் வண்டி என்றால் அப்படித்தான். மெஷின் இழுக்கும்போது தொட்டியைக் காலியாக வைக்கக் கூடாது. முதல் மழைக்காலத்தில் முத்துகாப்பட்டி பக்கம் ஒரு களிமண் பாதையில் பின் சக்கரம் சும்மா சுற்றியது, மெஷின் பக்கவாட்டில் நகர்ந்தது. அன்றிலிருந்து முப்பது ஷீட்டாவது பின் சக்கரத்துக்கு மேலே அடுக்கிவிட்டுத்தான் இழுக்கிறேன். மெஷினோடு வேகம் 20ஐத் தாண்டுவதில்லை. இறக்கத்தில் இரண்டாவது கியர், பிரேக்கை நம்பி இறங்குவதில்லை. கொல்லிமலைக்கு ஷீட் ஏற்றிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறியிருக்கிறேன், இன்ஜின் திணறவில்லை. ஆனால் மெஷினை அந்தப் பாதையில் இழுத்ததில்லை, இழுக்கவும் மாட்டேன். மேலே கிடைக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்வேன்.

டீசல், ஷீட் பாரத்தோடு லிட்டருக்கு 11 கொடுக்கிறது. மெஷின் இழுக்கிற நாளில் 8. செலவு என்று பார்த்தால் தரைக்கு செக்கர் பிளேட் (மேடு மேடாக இருக்கிற இரும்புத் தகடு) 19,000, பின் டயர் இரண்டு, 2023இல் மாமா சொன்ன மாதிரியே கிளட்ச் செட், பின் பிரேக் ஷூ ஒருமுறை. மற்றபடி ஆயில், ஃபில்டர்தான். வண்டி எட்டு வயதைத் தாண்டிவிட்டதால் இனி எடுக்கிற எஃப்சி எல்லாம் ஒரு வருடத்துக்குத்தான் கிடைக்கும். வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் பட்டை செருகி இன்னும் அரை டன் ஏற்றலாமே என்று போன மாதம் ஒரு மேஸ்திரி கேட்டார். மாமாவிடம் சொன்னேன். "பட்டை தாங்கும், சேசிஸ் தாங்குமா?" என்று மட்டும் கேட்டார். நடையைத்தான் கூட்டிக்கொண்டேன்.

இந்தப் பக்கம் வண்டி தேடுகிறவர்கள் கன்சல்டிங்குக்குப் போகும் முன் பண்ணைகளில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எஃப்சி நெருங்குகிற வண்டியைக் கைமாற்றிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அங்கே இருப்பார்கள். போகும்போது ஒரு சாக்கும் ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் எடுத்துப் போங்கள்.