நாடகக் குழுவா, வசந்தமா, நடிப்புக் கல்லூரியா? சிங்கப்பூரில் நடிக்கத் தொடங்குகிறவருக்கு

"நடிக்கணும் அண்ணே, யாரைப் போய்ப் பார்க்கணும்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாரத்தில் எத்தனை மாலை உங்களுக்குக் கையில் இருக்கிறது என்பதைத்தான். பகலில் அலுவலகக் கணக்கு, மாலையில் ஒத்திகை என்று இருபது வருடமாகச் சின்னச் சின்ன வேடங்களில் மேடையிலும் திரையிலும் நடித்துவருகிறேன். இந்த ஊரில் தமிழ் நடிப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் குறைவு. மற்ற எல்லாருக்கும் வேலை, படிப்பு, தேசிய சேவை போக மிஞ்சுகிற நேரம்தான் நடிப்புக்கு.

அந்த நேரத்தை வைத்துக்கொண்டு போகக்கூடிய வழிகள் நான்கு: தமிழ் நாடகக் குழு, வசந்தம் என்ற தமிழ்த் தொலைக்காட்சி ஒளிவழியின் தொடர்கள், முழுநேர நடிப்புக் கல்லூரி, மாணவர்கள் எடுக்கும் குறும்படம். என் பதில் நாடகக் குழு. ஆனால் மற்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது ஏன் என்று புரியும்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது தொலைக்காட்சிதான். வசந்தம் 2008-ல் தனி ஒளிவழியானது. பல தொடர்களை வெளியே உள்ள தயாரிப்பு நிறுவனங்கள் எடுத்துக்கொடுக்கின்றன. அதனால் ஆள் தேடுவதும் பல இடங்களில் நடக்கிறது. புதுமுகத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் கூட்டத்தில் ஒருவர், இங்கே 'கேலஃபேர்' என்பார்கள், அல்லது ஒன்றிரண்டு வசனம் உள்ள வேடம்.

என் முதல் படப்பிடிப்பு ஒரு காப்பிக்கடையில். காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள், என் காட்சி வந்தபோது மணி மூன்று. தேநீர் குடித்துக்கொண்டே "அவரு நேத்தே கிளம்பிட்டாரே" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தூரக் காட்சியில் 'நேத்தே' என்ற இடத்தில் வலது கையால் கிளாஸைத் தூக்கியிருந்தேன். கேமரா கிட்டே வந்ததும் பதற்றத்தில் வசனத்தை முழுக்கச் சொல்லிவிட்டு இடது கையால் தூக்கினேன். கன்டினியூட்டி, அதாவது ஒரு டேக்குக்கும் இன்னொன்றுக்கும் எதுவும் மாறாமல் பார்க்கிற பெண் கையை உயர்த்தினாள். மறுபடி எடுத்தார்கள், இந்தத் தடவை கை சரி, வசனம் போய்விட்டது. ஐந்தாவது டேக்கில் ஒருவழியாக முடிந்தது. யாரும் திட்டவில்லை. ஆனால் யாரும் எதையும் சொல்லித்தரவும் இல்லை. அன்றைக்கு எடுக்க வேண்டிய காட்சிகள் வரிசையாகக் காத்திருந்தன. அங்கே வேலை செய்யத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

இதன் பக்கத்தில் நாடக ஒத்திகையை வைத்துப் பாருங்கள். வாரத்தில் மூன்று மாலை, ஆறேழு வாரம், மேடையேற்றம் நெருங்கினால் தினமும். இடம் பெரும்பாலும் ஒரு சமூக மன்றத்து அறையோ, கலை நிலையம் ஒன்றில் குழுவுக்குக் கிடைத்த கூடமோ. தரையில் டேப் ஒட்டி இது வாசல், இது சோபா, இது சமையலறை என்று குறித்திருப்பார்கள். ஒரு நாடகத்தில் எனக்கு "சாப்பிட்டியா?" என்று ஒரு வசனம். வேலைக்குப் போய்த் தாமதமாகத் திரும்பும் மகனிடம் அப்பா கேட்கிறார். நான் சொன்னேன். "யாருகிட்ட கேக்கிறீங்க?" என்றார் இயக்குநர். மகனிடம் என்றேன். "அவன் மேல கோபமா, பயமா, இல்ல பேச்சை ஆரம்பிக்க வேற வழி தெரியலையா?" அன்று அந்த ஒரு வார்த்தைக்கு முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் அவனைப் பார்க்காமல், சட்டையை மடித்துக்கொண்டே கேட்டேன். மகனாக நடித்த பையன் தானாகவே தலையைக் குனிந்தான். நடிப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது அந்த மாலையில்தான். படப்பிடிப்பில் அந்த முக்கால் மணி நேரத்தை யாராலும் எனக்குத் தந்திருக்க முடியாது.

இங்கே தமிழ் நாடகக் குழுக்களும் இல்லாமல் இல்லை. ரவீந்திரன் நாடகக் குழுவின் 'பத்தே நிமிடம்' புதிய எழுத்தாளர், இயக்குநர், நடிகர் மூவருக்கும் மேடை கொடுக்கிற முயற்சி. பத்து நிமிட நாடகம் என்பதால் முதல்முறை ஏறுகிறவருக்குச் சுமை குறைவு. அவாண்ட் நாடகக் குழுவும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இருப்பவர் என்றால், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களின் நாடகத் தயாரிப்பான 'சங்கே முழங்கு' உங்கள் வாசலிலேயே இருக்கிறது.

மொழி விஷயத்திலும் நாடகம்தான் கைகொடுக்கிறது. இளையவர்கள் பலர் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தாகி, பெய்கிற மழையும் ஏறுகிற மலையும் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கும். ஒத்திகையில் பக்கத்தில் இருப்பவர் அதைத் திருத்துவார், உங்களுக்கும் திருத்திக்கொள்ள வாரங்கள் இருக்கும். படப்பிடிப்பில் தவறினால் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்ந்துவிடுவார்கள், அல்லது அப்படியே ஒளிபரப்பாகும்.

நாடகத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். பணம் கிடையாது, கிடைத்தால் போக்குவரத்துச் செலவுக்கு ஆகும். உட்லண்ட்ஸில் வீடு, நகரத்தில் ஒத்திகை என்றால் இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்குள் நுழைவீர்கள், மறுநாள் காலை வேலை. இன்னொரு குறை, கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய குரலும் புருவமும் கேமரா முன் அதிகப்படியாகத் தெரியும். எனக்கு அதைக் குறைக்க ஒரு வருடம் ஆனது. கைபேசியைப் புத்தக அலமாரியில் சாய்த்துவைத்து, ஒரே வசனத்தை மேடைக்கு ஒருமுறை, எதிரில் இருப்பவருக்கு ஒருமுறை என்று பதிவுசெய்து பார்ப்பேன். இன்றும் ஆடிஷனுக்கு முந்திய இரவு அதைச் செய்கிறேன்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் மாணவர் குறும்படம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் கலைக் கல்லூரிகளிலும் திரைப்படம் படிப்பவர்களுக்கு வருடந்தோறும் நடிகர்கள் தேவை. சம்பளம் பெரும்பாலும் மதியச் சாப்பாடுதான். ஆனால் அவர்களும் கற்றுக்கொண்டிருப்பதால் "இன்னொருமுறை பண்ணிப் பார்க்கலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒப்புக்கொள்ளும்போதே, படம் முடிந்ததும் பிரதி ஒன்று தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆடிஷனில் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அதுதான். குறும்படத்தைச் சிறியது என்று நினைக்க வேண்டாம். இங்கே பல குறும்படங்கள் எடுத்த கே. ராஜகோபாலின் முதல் முழுநீளப் படம் 2016-ல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்துக்குப் போனது. அதில் நாயகன் நம் சிவகுமார் பாலகிருஷ்ணன்.

கல்லூரி வழி வேறு மாதிரி. லசால் கலைக் கல்லூரியில் நடிப்புக்கே பட்டப்படிப்பு உண்டு. நாடகாசிரியர் குவோ பாவ் குன்னும் நம் நாடகக் கலைஞர் டி. சசிதரனும் 2000-ல் தொடங்கிய பயிற்சித் திட்டம்தான் இன்று இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிட்யூட். மூன்று வருட முழுநேரப் படிப்பு. கேரளத்துக் கூடியாட்டம், ஜப்பானின் நோ, பெய்ஜிங் ஓப்பரா, ஜாவாவின் வாயாங் வோங் ஆகிய மரபு நாடக வடிவங்களை அவற்றின் ஆசான்களிடமே பயிலலாம். உடம்பையும் மூச்சையும் கண்ணையும் அவ்வளவு ஆழமாகப் பழக்கிக்கொள்ள இந்த வட்டாரத்தில் வேறு இடம் அரிது. ஆனால் மூன்று வருடச் சம்பளத்தை விட வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். இது நடிப்பைத் தொழிலாகவே எடுத்துக்கொள்ளத் துணிந்தவருக்கான வழி. அந்தத் துணிவு உங்களுக்கு இருக்கிறதா என்று இரண்டு நாடகம் நடித்த பிறகே தெரியும். நுழைவுத் தேர்வு ஆடிஷனுக்கும் அந்த அனுபவம் உதவும்.

ஐந்தாவதாக ஒரு வழியைச் சிலர் உங்களிடம் விற்க வருவார்கள். இருபத்திரண்டு வயதில் நான் ஒரு நிறுவனத்துக்குப் புகைப்படத் தொகுப்புக்கென்று 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினேன். படங்கள் வந்தன, ஒரு அழைப்புகூட வரவில்லை. வேலை வாங்கித்தருகிறவர் உங்கள் சம்பளத்திலிருந்து பங்கு எடுக்கட்டும், அது முறை. வேலைக்கு முன்பே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களும் இதைப் படிக்கலாம். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவர் அதில் குறிப்பிட்ட முதலாளியிடம்தான் வேலை செய்யலாம். சின்ன வேடம்தானே என்று சம்பளம் வாங்கி நடித்துவிடாதீர்கள், பாஸுக்கே ஆபத்து. எதற்கு ஒப்புக்கொள்வதானாலும் மனிதவள அமைச்சிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் தமிழ்மொழி விழா, நவம்பரில் எஸ்பிளனேட் கலையரங்கின் இந்தியக் கலை விழாவான கலா உற்சவம். நாடகம் பார்க்க நல்ல காலங்கள் இவை. ஒரு டிக்கெட் வாங்கிப் பாருங்கள். முடிந்ததும் உடனே எம்ஆர்டி ரயிலுக்கு ஓடாமல், குழுவினர் பார்வையாளர்களோடு பேச வெளியே வரும்வரை நில்லுங்கள். நடிக்க வாய்ப்புக் கேட்பதற்கு முன், அடுத்த நாடகத்துக்குப் பொருள்கள் எடுத்துவைக்கவோ வசனம் எடுத்துக்கொடுக்கவோ ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த எந்தக் குழுவிலும் அதற்கு ஆள் போதுமென்று இருந்ததில்லை. அனேகமாக, "செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு வர முடியுமா?" என்று அங்கேயே கேட்டுவிடுவார்கள்.