செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின்: யாருக்கு எவ்வளவு ஓய்வு?

தேய்ப்பதும் முறுக்கிப் பிழிவதும் இதனால் நின்றுபோவது பெரிய விஷயம். ஆனால் தண்ணீர் நிரப்ப, அழுக்குத் தண்ணீரை வெளியேற்ற, அலச, ஈரத் துணியைப் பிழியும் தொட்டிக்கு மாற்ற என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் வேண்டும். வீட்டில் அந்த ஆள் பெரும்பாலும் பெண்தான்.

பிழியும் தொட்டியில் துணியை ஒரு பக்கமாகத் திணித்தால் மெஷின் அதிர்ந்து நகரும். சமமாகப் பரப்பி, உள்மூடியை அழுத்தி வையுங்கள். சோப்புத்தூள் கூடினால் நுரை அடங்காது, இன்னொரு தடவை அலச வேண்டிவரும்.

குழாயில் தண்ணீர் சீராக வந்தால் ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கே வாங்குங்கள். பட்டனை அழுத்திவிட்டு அந்தப் பெண் வெளியே போகலாம். வாளியில் ஊற்றும் வீட்டுக்கு செமி ஆட்டோமேட்டிக்தான் கைகொடுக்கும். வந்த அன்றே டைமர் குமிழ்களைத் திருகும் முறையை வீட்டு ஆண்களுக்கும் காட்டிவிடுங்கள்.