கறுப்பாக இருப்பதெல்லாம் ஸ்டவுட் அல்ல: கடலோர விடுதியில் எங்களை ஏமாற்றிய விதம்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர விடுதிகளில் "இறக்குமதி கிராஃப்ட் ஸ்டவுட்" என்று மெனு அட்டையில் பார்த்தால், பாட்டில் மூடியோடு மேசைக்கு வந்து உங்கள் கண்முன் திறக்கப்படும்வரை பணத்தை எடுக்காதீர்கள். ஸ்டவுட் என்பது வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீர்; கிராஃப்ட் என்றால் சிறு ஆலைகளில் காய்ச்சுவது. கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு நடந்ததை முழுதாக எழுதுகிறேன். சுற்றுலாப் பருவம் தொடங்கினால் இதே மேசைகளில் இன்னும் பலர் உட்காரப் போகிறார்கள்.

என் பெரியம்மா மகன் குளச்சல்காரர், சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஐரோப்பியத் துறைமுகங்களில் நல்ல ஸ்டவுட் குடித்துப் பழகியவர். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் பிரூபப்களில் எனக்கும் அந்தச் சுவை பிடித்துப்போனது. அண்ணன் விடுமுறையில் வந்திருந்தபோது, மதுக்கூடம் வைத்திருக்கும் ஒரு விடுதியில் சாப்பிட உட்கார்ந்தோம். மெனு அட்டையில் தனிக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: "ரஷ்யன் இம்பீரியல் ஸ்டவுட், ஆல்கஹால் 11 சதவீதம், 330 மில்லி, 1,450 ரூபாய்." டாஸ்மாக் கடைகளில் வழக்கமான வெளிர்நிற பீரான லாகர் வகைகளைத் தாண்டி எதுவும் கிடைப்பது அபூர்வம். அதனால் விலையைப் பார்க்காமல் ஆளுக்கு ஒன்று சொன்னோம்.

இந்தப் பெயருக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற கருநிற பீர் உழைப்பாளிகளின் பானம். அதில் கனமானதை ஸ்டவுட் என்றார்கள். தேம்ஸ் நதியின் தென்கரையில் த்ரேல் குடும்பத்தின் ஆங்கர் பீர் ஆலை இருந்தது. 1781-இல் அது பார்க்ளே பெர்கின்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அங்கே காய்ச்சிய கனமான ஸ்டவுட் ரஷ்ய அரசவைக்குக் கப்பலேறிப் போனது. "இம்பீரியல்" என்ற அடைமொழி அந்த வழியில் வந்ததுதான். 1817-இல் டேனியல் வீலர் என்பவர் முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டைக் கரியாக்காமல் கறுப்பாக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு, கொஞ்சம் கறுப்பு மால்ட்டைச் சேர்த்தாலே நிறமும் வறுவல் சுவையும் கிடைத்துவிட்டன. நான் சொல்ல வருவது இதுதான்: ஸ்டவுட்டின் கறுப்பு தானியத்தை வறுத்ததால் வருவது. நிறம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்துதான் வாசனையும் கசப்பும் கனமும் வர வேண்டும். நிறம் மட்டும் தனியாக வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

எங்களுக்கு வந்தது நிறம் மட்டும்தான்.

முதலில், கிளாஸ் உறைபெட்டியிலிருந்து நேரே வந்திருந்தது. வெளிப்பக்கம் வெண்பனி படிந்திருந்தது. இம்பீரியல் ஸ்டவுட்டை 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் குடிப்பதுதான் முறை. அதற்குக் கீழே போனால் மணம் அடங்கிவிடும். குறைகளும் அடங்கிவிடும். கடும் குளிரில் கொடுப்பது உபசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வகை பீரில் அது ஒரு மறைப்பு. கிளாஸை இரு கைகளாலும் பொத்திவைத்துச் சூடேற விட்டோம்.

நுரையைப் பார்த்தேன். அதிக ஆல்கஹால் உள்ள ஸ்டவுட்டில் நுரை சீக்கிரம் அடங்கலாம். அதன் உயரத்தை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. பார்க்க வேண்டியது நிறம். நல்ல இம்பீரியல் ஸ்டவுட்டின் நுரை பழுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். இங்கே விளிம்பில் ஒட்டியிருந்தது வெளிறிய நுரை, அதுவும் சாதாரண லாகர் பீரில் வருவது போன்ற பெரிய பெரிய குமிழ்கள். கைப்பேசி விளக்கை கிளாஸுக்குப் பின்னால் பிடித்தேன். அசலாக இருந்தால் ஒளி உள்ளே நுழையவே திணறும், ஓரத்தில் மட்டும் மாணிக்கச் சிவப்பு தெரியும். எங்கள் கிளாஸில் செம்பழுப்புத் திரவத்தின் ஊடாக அண்ணனின் விரல் ரேகைவரை தெரிந்தது. அடியில் கரையாத பழுப்புத் துகள்கள் இரண்டு மூன்று சுழன்றுகொண்டிருந்தன.

அண்ணன் முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, வறுத்த தானிய வாசனையே இல்லை. கருகிய சீனி வாடையும் காபித்தூள் வாடையும்தான் வருகிறது." சமையல்காரரின் மூக்கு அது. அசல் ஸ்டவுட்டில் காபி சேர்க்காமலேயே காபி மணம் வரும். அதோடு கசப்பு சாக்லேட், உலர்திராட்சை, சில நேரம் அத்திப்பழ மணமும் ஒன்றன்பின் ஒன்றாக எழும். சூடு ஏற ஏறப் புதிது புதிதாக வர வேண்டும். இதில் சூடேறியபோது எழுந்தது வெறும் ஸ்ட்ராங் பீரின் நெடி.

வாயில் வைத்தால் இன்னும் மோசம். இம்பீரியல் ஸ்டவுட் பழைய கருப்பட்டிப் பாகுபோல நாக்கில் படிந்து, மெதுவாகக் கசந்து, தொண்டையில் இதமான சூட்டை விட்டுப் போகும். மால்ட் சர்க்கரை எல்லாம் ஆல்கஹாலாக மாறிவிடாமல் ஒரு பங்கு மிஞ்சியிருப்பதால் வரும் கனம் அது. கசப்பும் லேசுப்பட்டதல்ல. பீர் நடுவர்கள் வைத்திருக்கும் அளவுகோலின்படி இந்த வகைக்கு ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம், கசப்பு அலகு 50 முதல் 90. எங்கள் கிளாஸில் இருந்தது தண்ணீராக ஓடியது. முதலில் சீனித் தித்திப்பு, பிறகு ஒரு தட்டையான எரிச்சல், அவ்வளவுதான். சாதாரண ஸ்ட்ராங் பீரில் கருக்கிய சீனிச் சாயமும் உடனடிக் காபித்தூளும் கலந்தது என்பது எங்கள் இருவரின் கணிப்பு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில் ஸ்ட்ராங் பீரின் உச்ச அளவே 8 சதவீதம்தான். 11 சதவீதம் என்று அட்டை போட்டு விற்பவர், அந்த 11-ஐ லேபிளில் காட்டியாக வேண்டும்.

பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "சார், கிராஃப்ட் என்றால் இப்படித்தான் இருக்கும். பழக்கம் இல்லாதவர்களுக்குப் பிடிக்காது" என்றார். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். பணம் போனதைவிட இந்தப் பேச்சு மோசமானது. முதன்முறை ஸ்டவுட் குடிக்க வரும் ஓர் இளைஞன் இதைக் கேட்டுத் தலையாட்டிவிடுவான். ஸ்டவுட் என்றாலே இந்தச் சாயத் தண்ணீர்தான் என்று வாழ்நாள் முழுக்க நம்புவான்.

பாட்டிலைக் காட்டச் சொன்னோம். நெடுநேரம் கழித்து மேலாளரே ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு லேபிள், 11 சதவீதம் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அப்போதுதான் திறந்து ஊற்றியதாகச் சொன்ன பாட்டிலின் உட்புறம் ஈரமே இல்லாமல் காய்ந்திருந்தது. கழுத்துக்குள் தூசி. கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. இறக்குமதியாளரின் பெயர், முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் கொண்ட ஒட்டுத்தாள் எங்கேயும் இல்லை. இரண்டு கிளாஸுக்கு இரண்டு பாட்டில் எங்கே என்று அண்ணன் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பில்லைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அதில் ஸ்டவுட் என்றோ பீர் என்றோ ஒரு வார்த்தை இல்லை. "சிறப்புப் பானம் - 2" என்று போட்டு அதன் மேல் ஜி.எஸ்.டி. வாங்கியிருந்தார்கள். மனிதர் குடிக்கும் மது ஜி.எஸ்.டி. வரம்புக்குள் வரவே வராது; அரசியல் சட்டமே அதை விலக்கி வைத்திருக்கிறது. அதற்கு மாநில அரசின் வாட் வரிதான். மதுவுக்கு ஜி.எஸ்.டி. போட்ட பில் உங்கள் கையில் இருந்தால், ஒன்று வரி தவறு, இல்லையென்றால் கணக்கில் அது மதுவே அல்ல. இரண்டுமே புகாருக்கு உரியவை. மாற்றித் தரச் சொன்னோம், மறுத்தார்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் பில்லை வாங்கி வைத்துக்கொண்டோம்.

சுவைக்காக இவ்வளவு எழுதுகிறாயே என்று கேட்பவர்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பின்கட்டில் ஒருவர் எதையோ எதனுடனோ கலக்கிறார்; நாம் கண்ணால் பார்ப்பதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இந்த விடுதியில் அப்படி ஏதும் கலந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன கலந்தார்கள் என்பதை அவர்கள் சொல்ல மறுத்தார்கள் என்று சொல்கிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தோம்.

கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மூடி உங்கள் முன் திறக்கப்பட வேண்டும். இறக்குமதியாளர் ஒட்டுத்தாளையும் ஆல்கஹால் சதவீதத்தையும் படித்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டாத கிளாஸ் கேளுங்கள். பில்லில் பானத்தின் பெயர் முழுதாக இருக்கட்டும். "கெட்டுப்போயிருக்கலாம், பழைய சரக்கு" என்று சமாளித்தால் நம்பாதீர்கள். கனமான ஸ்டவுட் சரியாக வைத்தால் வருடக்கணக்கில் தாங்கும். நம் ஊர்ச் சூட்டில் கெட்டால்கூட ஈர அட்டை வாடையோ சோயா சாஸ் வாடையோதான் வரும், காபித்தூள் முளைக்காது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டோம். அடுத்து நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. 5 லட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கொடுத்தால் போதும், வக்கீலும் கட்டாயமில்லை. விடுதியின் பெயரை வழக்கு முடியும்வரை இங்கே எழுதப்போவதில்லை. "சிறப்புப் பானம்" என்று பில் போட்ட கறுப்பு பீர் உங்களுக்கும் வந்திருந்தால் அந்தப் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெயிலில் எழுத்து மங்குவதற்குள் ஒரு படம் எடுத்து வைத்து, நீங்களும் தனியாகப் புகார் கொடுங்கள்.