ஜிம்மியின் தடைக்காலம்: அலர்ஜி டாக் ஃபுட், 14 மாத அனுபவம்

நேற்று ராத்திரி நண்பன் ஒருவன் போன் பண்ணினான். அவன் வீட்டு லேப்ரடார் மூன்று மாதமாகப் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதாம். டாக்டர் அலர்ஜிக்கான டாக் ஃபுட் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆன்லைனில் 2 கிலோ பாக்கெட்டுக்கு 400 ரூபாய் குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பாக்கெட் 2,300 ரூபாய் வீதம் 21 பாக்கெட் நான் வாங்கித் தீர்த்த பிறகு விலையைக் குறைக்கிறார்கள். அந்தச் சூட்டிலேயே "வாங்காதடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். காலையில் யோசித்தால் அது நியாயமாகப் படவில்லை. சரி, முழுக்கதையையும் எழுதிவிடுவோம்.

எங்கள் ஜிம்மி நாட்டு நாய். 19 கிலோ, நாலரை வயது, தூத்துக்குடித் தெருவில் பிறந்து எங்கள் வீட்டுக்குள் வந்தவன். இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நாட்டு நாய்க்கெல்லாம் அலர்ஜி வருமா?" வருமய்யா. தெருவில் அரிப்போடு திரிகிற நாயைச் சொறிநாய் என்று கல்லெடுத்து விரட்டுகிறோம், வீட்டில் இருக்கிற நாயைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போகிறோம், வித்தியாசம் அவ்வளவுதான். ஜிம்மிக்கு இரண்டரை வயதில் ஆரம்பித்தது. முன்னங்கால் விரலிடுக்கை நக்கி நக்கி வெள்ளை முடியெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. காதுக்குள் காப்பித்தூள் மாதிரி அழுக்கு. உடம்பில் புளித்த மாவு வாடை. பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவான், விருந்தாளிகள் இருக்கும்போது குறிப்பாக.

முதலில் பார்த்த இடத்தில் மாதம் ஒரு ஊசி போட்டார்கள். ஊசி போட்ட மறுநாளே அரிப்பு நின்றுவிடும், எங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் பழையபடி ஆரம்பிக்கும். நடுவில் இவன் வாளி வாளியாகத் தண்ணீர் குடிப்பதும், எப்போதும் பசியென்று தட்டைச் சுரண்டுவதும், ராத்திரி ஹாலிலேயே ஒன்றுக்குப் போவதும் ஏன் என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. அது ஸ்டீராய்டு என்று ஐந்தாவது ஊசிக்குப் பிறகு நானாக சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை, அரிப்பு தாங்கமுடியாமல் ரணமாகிற நேரத்தில் அது தேவைப்படும்தான். ஆனால் காரணத்தைத் தேடாமல் மாதாமாதம் போட்டுக்கொண்டே போவதா? அப்புறம் இன்னொரு இடத்தில் ரத்தம் எடுத்து அலர்ஜி டெஸ்ட் என்று பெரிய தொகை வாங்கினார்கள். வந்த பட்டியலில் ஜிம்மி பிறந்ததிலிருந்து கண்ணால்கூடப் பார்க்காத சால்மன் மீனும் உருளைக்கிழங்கோடு சேர்ந்து சிவப்பில் இருந்தது.

கடைசியில் 50 கிலோமீட்டர் போய்த் திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கிற அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். அங்கே இருந்த டாக்டரம்மா அந்த ரத்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். உணவு அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது, சந்தேகப்படுகிற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 8 வாரம் ஒரே உணவு, அப்புறம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது, இது ஒன்றுதான் வழி என்றார். முதலில் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொறிப்பூச்சி இல்லை என்று உறுதிசெய்தார், காதுக்கும் தோலுக்கும் ஈஸ்ட் தொற்றுக்கு மருந்து கொடுத்தார். அதன் பிறகு எழுதியதுதான் இந்த ஹைட்ரலைஸ்டு டாக் ஃபுட்.

இதன் விஷயம் எளிமையானது. அலர்ஜி என்பது உடம்பின் காவல்காரன் கோழியின் புரதத்தைத் திருடன் என்று நினைத்து அடிப்பது. இந்த உணவில் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துவிடுகிறார்கள், காவல்காரனால் ஆளை அடையாளம் காண முடியாத அளவுக்கு. சத்து போய்விடாது. கோழியோ பாலோ பழையபடி உள்ளே போகாமல் இருந்தால் எட்டு வாரத்துக்குள் தோல் தேறவேண்டும். தேறினால் உணவுதான் காரணம், தேறாவிட்டால் தூசி, பூச்சி, மகரந்தம் என்று வேறு பக்கம் பார்க்கவேண்டும்.

இங்கேதான் என் முக்கியமான எரிச்சல் ஆரம்பிக்கிறது. பாக்கெட்டில் எந்தக் குறையும் இல்லை (ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்). குறையெல்லாம் மூன்று சொல்லில்: "ஒரு வாய் தானே."

ஒரு வாய் தயிர்ச்சோறு தானே. ஒரு வாய் ரஸ்க் தானே. கறிக்கடைக்காரர் போடும் ஒரே ஒரு கோழிக்கழுத்து தானே. பாவம், அது வாயில்லா ஜீவன், எத்தனை நாளைக்கு இந்த வறட்டு உருண்டையைத் தின்னும். எங்கள் அப்பா அதற்குக் கோழித்தீவனம் என்று பெயரே வைத்துவிட்டார், கோழிதான் சேராது என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே. முதல் முயற்சியில் ஐந்தாவது வாரம் வரை போனோம். நான் தினசரி காலண்டர் தாளில் ராத்திரிதோறும் பத்துக்கு எத்தனை அரிப்பு என்று எழுதி வைப்பேன். எட்டில் ஆரம்பித்து ஆறு, ஐந்து என்று இறங்கி, திடீரென்று மறுபடி எட்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரணை வைத்தால், அப்பா சாயங்கால டீக்கு ரஸ்க் தின்னும்போது பாதியை மேஜைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறார், தினமும், முதல் நாளிலிருந்தே. ஒருநாள் வெளியே போனபோது மக்ரூனும் வாங்கிவந்து கொடுத்தாராம். மக்ரூன் என்றால் முட்டை வெள்ளைக்கரு.

அப்பாவை ஒருவாரம் திட்டித் தீர்த்த பிறகு டாக்டரம்மா என்னைக் கேட்டார்: உண்ணிக்கு என்ன கொடுக்கிறீர்கள்? மாதம் ஒருமுறை மெல்லுகிற மாத்திரை. ஜிம்மி அதை மிட்டாய் மாதிரி வாங்கித் தின்பான், ஏனென்றால் அதில் இறைச்சிச் சுவை சேர்த்திருக்கிறது. அதையும் நான்தான், என் கையாலேயே, நாலாவது வாரம் கொடுத்திருக்கிறேன். சோதனைக் காலத்தில் உண்ணிக்குக் கழுத்தில் ஊற்றுகிற சொட்டு மருந்துதான் போடவேண்டும், பூச்சி மாத்திரைகூடச் சுவை சேர்க்காததாகப் பார்க்கவேண்டும் என்று முதல் நாளே சீட்டில் எழுதியிருந்தார். நான் வாசிக்கவில்லை. பழி போட ஆள் கிடைத்துவிட்டால் சீட்டையெல்லாம் யார் வாசிக்கிறார்கள்.

ஐந்து பாக்கெட், 11,500 ரூபாய், போச்சு. மறுபடி முதல் நாளிலிருந்து.

இரண்டாவது முயற்சி தேறியது அம்மாவால். பிப்ரவரி மாதம். அம்மா அப்பாவிடம் சொன்ன ஒரே வார்த்தை: "கடலுக்கே வருசத்துல 61 நாள் தடைக்காலம் இருக்குல்லா, ஜிம்மிக்கு 56 நாள்தானே." அப்பா துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு ஏன் கடலுக்குப் போகக்கூடாது, நடுவில் ஒரே ஒரு நாள் போனால்கூட ஏன் தப்பு என்று டீக்கடையில் மணிக்கணக்கில் வகுப்பெடுப்பவர். அது அவருக்குப் புரிந்தது. ஹைட்ரலைஸ்டு புரதம் பற்றி நான் ஒரு மாதம் விளக்கியது புரியவில்லை, தடைக்காலம் ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. மறுநாளே கேட் பக்கத்தில் பேப்பர் ஒட்டிவிட்டார்: "ஜிம்மிக்குத் தடைக்காலம். யாரும் ஒன்றும் போடக்கூடாது." பால்காரர், பக்கத்து வீட்டு மைனி, கொரியர் பையன் எல்லாரையும் நிறுத்திப் படிக்கவைத்தார்.

அந்த எட்டு வாரத்தைப் பற்றிக் குறை சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது. மூன்றாவது வாரம் அந்தப் புளித்த வாடை போய்விட்டது. ஐந்தாவது வாரம் ராத்திரி ஒரு விசித்திரமான அமைதி, ஏன் என்று முழித்துப் பார்த்தால், கட்டிலுக்கடியில் லப் லப் என்று நக்கும் சத்தம் இல்லை. ஒரு வருடமாக அந்தச் சத்தத்தோடேயே தூங்கிப் பழகியவர்கள் நாங்கள். காலண்டர் தாளில் 56-ஆம் நாள் எண் 2. பாதத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தது. மலம்கூட ஒழுங்காக, கையாலேயே அள்ளலாம் என்கிற மாதிரி (அள்ளவில்லை).

அப்புறம் திருப்பிக் கொடுத்துப் பார்க்கும் கட்டம். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், நாய்தான் சரியாகிவிட்டதே என்று. இதைச் செய்யாவிட்டால் எது சேரவில்லை என்று கடைசிவரை தெரியாது, ஆயுள் முழுக்கப் பாக்கெட்டுக்குக் கப்பம் கட்டவேண்டியதுதான். அதே உணவோடு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள், இரண்டு வாரம், அரிப்பு வந்தால் உடனே நிறுத்தம். உப்பில்லாமல் வேகவைத்த கோழி: மூன்றாம் நாளே காது சிவந்து, பாதம் வாய்க்குப் போனது. அடங்கும்வரை பொறுத்து அடுத்தது தயிர்: முதல் நாளே வயிற்றுப்போக்கு, ஆறாம் நாள் அரிப்பு. கோதுமை: ஒன்றுமில்லை. ஆக தமிழ்நாட்டு வீடுகளில் நாய்க்கு அன்பாக எதையெல்லாம் போடுவோமோ, கோழிக்கழுத்தும் தயிர்ச்சோறும், அது இரண்டும்தான் இவனுக்கு விஷம். 2016-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் உணவு அலர்ஜி உள்ள 297 நாய்களில் 34 சதவீதத்துக்கு மாட்டிறைச்சியும், 17 சதவீதத்துக்குப் பால்பொருளும், 15 சதவீதத்துக்குக் கோழியும் காரணமாக இருந்தன. நாய் எதை நிறையத் தின்று வளர்கிறதோ அதிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது போல. கோதுமை பாஸ் என்றதும் அப்பா "அப்போ ரஸ்க் கொடுக்கலாமா" என்றார் பாருங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் பால் பவுடர் என்று இருந்ததை நான் காட்டினேன். இரண்டு நாள் பேசவில்லை.

ஜூன் பாதியில் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் பாக்கெட்டை நிறுத்திச் சாளைக்கு மாறினோம். மற்ற ஊர்ப் பக்கம் மத்தி என்பார்கள், எங்களுக்குச் சாளை. குடல் எடுத்து, குக்கரில் முள் பஞ்சாகும்வரை வேகவைத்து, சோறும் பூசணிக்காயும் சேர்த்துப் பிசைந்து. பச்சையாகக் கொடுக்கக்கூடாது, சாளையில் தயமின் என்கிற பி1 சத்தை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது செத்துவிடும். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. மீன், சோறு மட்டும் போட்டால் சத்தில் ஓட்டை விழும் என்று டாக்டரம்மா கால்சியப் பொடியும் வைட்டமின், தாது உப்புக் கலவையும் கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்கு ஜிம்மிக்கு எழுதியது, நண்பா, உன் லேப்ரடாருக்குச் செல்லாது, உன் டாக்டரிடம் தனியாக எழுதி வாங்கு. வீடு முழுக்க மீன் வாடை, மதில்மேல் ஏழு பூனை. ஜிம்மியின் முடி மட்டும் மினுமினு என்று இருக்கிறது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஐப்பசி மழையில் மறுபடி நக்க ஆரம்பித்தான். சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை, அப்பாமேல் சத்தியம். உணவு போக ஈரக்காற்றும் தூசிப்பூச்சியும் இவனுக்கு ஆகாது போலிருக்கிறது, இரண்டும் சேர்ந்து வருவது சகஜம்தான் என்றார்கள். மூன்று வாரம் அரிப்பை அடக்கும் ஓக்லாசிடினிப் மாத்திரை கொடுத்தோம், வாரம் ஒருமுறை கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் ஷாம்பு. ஷாம்பு போட்டுப் பத்து நிமிடம் ஊறவிடவேண்டும். ஈரநாயை உதறவிடாமல் பத்து நிமிடம் பிடித்திருந்தால் தெரியும், பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று.

சரி, நண்பா, வாங்கலாமா? எட்டு வாரம் உன் வீட்டில் ஒருத்தர்கூட "ஒரு வாய் தானே" சொல்லமாட்டார்கள் என்றால் வாங்கு, அதைவிட நல்ல சோதனை இல்லை. உன் மாமியாரை எனக்குத் தெரியும். அதனால் வாங்காதே. விலை குறைந்தது என்பதற்காக வாங்கவே வாங்காதே, அது நாய்க்குச் சாப்பாடு என்பதைவிட நாய்க்கு வைக்கும் பரீட்சை, பரீட்சைப் பேப்பரை யாராவது தள்ளுபடியில் வாங்குவார்களா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து எட்டிப்பார்த்தார். "ஏப்ரல் வரப்போவுது, விசைப்படகு போவாது, நாட்டு வள்ளத்துக்காரங்க கொண்டுவர்ற சாளைக்கு அடிதடியா இருக்கும், விலையும் ஏறிரும். ஜிம்மிக்கு என்ன செய்யப்போற?" என்றார். பதில் சொல்லாமல் ஆறு பாக்கெட் ஆர்டர் போட்டுவிட்டேன், அந்த 400 ரூபாய் தள்ளுபடியில்தான்.

ஒரு குறை சொல்கிறேன் என்றேனே. அந்தப் பாக்கெட்டின் ஜிப் இரண்டாம் நாளே பல்லிளித்துவிடும், ஒருதடவைகூட ஒழுங்காக மூடியதில்லை. தூத்துக்குடி உப்புக்காற்றில் உருண்டை நமத்துப்போகும், நமத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி வரும், அதுவே அலர்ஜி நாய்க்கு இன்னொரு தலைவலி. வாங்குவதென்றால் முதலில் மூடி இறுக்கமான ஒரு டிரம் வாங்கு.