முன்கண்ணாடிக் கேமரா பழுது: ஊட்டியில் பார்ப்பதா, கோவைக்கு இறக்குவதா?

லேன் விலகல் எச்சரிக்கை, தானியங்கி அவசர பிரேக் போன்ற அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு) வசதிகள் கொண்ட கார்களை நீலகிரியிலும் இப்போது பரவலாகக் காண முடிகிறது. அவற்றின் முன்கண்ணாடிக் கேமரா இயங்கவில்லை என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை வந்தால் மூன்று வழிகள் உண்டு: நாமே சோதிப்பது, உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பது, நிறுவன சர்வீஸ் சென்டருக்கு, பெரும்பாலும் கோவைக்கு, வண்டியை இறக்குவது. வாரண்டி உள்ள வண்டிக்கு மூன்றாவதே சரி. வாரண்டி முடிந்த வண்டிக்குத்தான் யோசனை தேவைப்படுகிறது.

முதல் வழியை எளிதாக எண்ணிவிடக் கூடாது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில், விடியற்காலைக் குளிரில் கண்ணாடி சில்லிட்டிருக்க, உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்று கேமராவுக்கு முன்னுள்ள சிறு இடைவெளியில் படிந்து பனித்திரை போடுகிறது. வைப்பர் எவ்வளவு துடைத்தாலும் உட்புறம் தெளியாது. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிச் சிறிது நேரம் விட்டால் எச்சரிக்கை தானே மறையும். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரோ, கூலிங் ஃபிலிமோ கேமராவின் பார்வையை மறைக்கிறதா என்பதையும் வெளியே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூடுபனியில் கேமரா ஒதுங்கிக்கொள்வதும், மலைப்பாதையில் அழிந்துபோன லேன் கோடுகளைக் காணாமல் விடுவதும் பழுதே அல்ல.

வானம் தெளிந்த பின்னும் எச்சரிக்கை நீடித்தால் ஸ்கேனர் தேவை. ஓபிடி சாக்கெட்டில், அதாவது வண்டியின் பழுதுகளைப் படிப்பதற்கான இணைப்பில், செருகும் மலிவான புளூடூத் கருவிகள் பெரும்பாலும் என்ஜின் பழுதுக் குறியீடுகளோடு நின்றுவிடும். கேமராவின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க அவற்றால் இயலாது. பல நிறுவன வண்டிகளைப் படிக்கும் ஒர்க்‌ஷாப் ஸ்கேனரே இங்கு உண்மையில் பயன் தருகிறது என்பது என் கருத்து. ஆனால் அதைக் கையாள்பவர் குறியீட்டை உடனே அழித்துவிடக் கூடாது. அது இப்போது உள்ள பழுதா, முன்பு வந்து போனதா என்ற விவரத்தோடு திரையைப் படம் எடுத்துக்கொண்ட பிறகே அழிக்கச் சொல்லுங்கள். கேமரா, ஏபிஎஸ், ஸ்டீயரிங் என்று பல பெட்டிகளில் ஒரே நேரத்தில் மின்னழுத்தக் குறைவு பதிவாகியிருந்தால், சந்தேகம் முதலில் குளிரில் சோர்ந்த பேட்டரி மீதும் எர்த் ஒயர் மீதும் விழ வேண்டும். கேமராவுடன் மட்டும் தொடர்பு அறுந்ததாகக் காட்டினால் ஃபியூஸ், கனெக்டர், ஒயரிங் ஆகியவற்றைப் பார்த்த பிறகே கேமராவைக் குறை சொல்லலாம். குறியீடு தேட வேண்டிய இடத்தைத்தான் சொல்கிறது, மாற்ற வேண்டிய பாகத்தைச் சொல்வதில்லை. விலையுயர்ந்த கேமராவை அவசரப்பட்டு மாற்றுவது இந்த வேறுபாட்டை மறப்பதால்தான்.

காலிபிரேஷன், அதாவது கேமராவின் பார்வைக் கோணத்தைத் துல்லியமாகச் சரிசெய்வது, என்று வந்துவிட்டால் உள்ளூர் வழி முடிகிறது. முன்கண்ணாடியை மாற்றினாலோ, கேமராவைக் கழற்றி மாட்டினாலோ இது தேவைப்படும். பார்வைக் கோணம் ஒரு டிகிரி பிசகினால் 50 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் விலகும் என்பதால், கண்மதிப்பில் சரிசெய்ய இதில் இடமே இல்லை. சில வண்டிகளுக்குச் சமதளத் தரையில், அளந்த தூரத்தில், குறிப்பலகை நிறுத்த வேண்டும். வேறு சிலவற்றுக்குத் தெளிவான கோடுகள் உள்ள நேர்சாலையில் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த நம் சாலைகளில் அதற்கு வாய்ப்பில்லை. கோவைப் பக்கத்து நெடுஞ்சாலைதான் ஏற்றது. புதிய கேமராவை வண்டியோடு பதிவுசெய்வதற்கும் பல சமயம் நிறுவனத்தின் கருவியே தேவைப்படும்.

ஆகவே பழுதின் காரணத்தை மலையிலேயே கண்டறிந்து, காலிபிரேஷனுக்கு மட்டும் கீழே செல்வதையே நான் பரிந்துரைப்பேன். ஏபிஎஸ் விளக்கோ பிரேக் விளக்கோ சேர்ந்து எரிந்தால் மட்டும் வண்டியை ஓட்டி இறங்காதீர்கள். ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். கேமரா மட்டுமே நின்றிருந்தால் வழக்கமான பிரேக் இயங்கும். தாழ்ந்த கியரில் நிதானமாக இறங்கலாம். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் திரையை எடுத்த அந்தப் படத்தை முதலிலேயே காட்டி, வேலை முடிந்ததும் காலிபிரேஷன் நிறைவேறியதற்கான அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.