மருந்தகத்தின் முன் நிற்கும் வரிசை: லீன், சிக்ஸ் சிக்மா, தடைகள் கோட்பாடு, கணினிப் பாவனை ஆகியவற்றில் எதை எப்போது எடுப்பது?

பெரிய மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் ஒருவர் காலையில் சீட்டுப் போட்டு, மருத்துவரைப் பார்த்து, ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து, முடிவு வந்ததும் மீண்டும் மருத்துவரிடம் சென்று, கடைசியாக மருந்து வாங்கும் வரிசையில் வந்து நிற்கும்போது பாதி நாள் கழிந்திருக்கிறது. அந்தக் கடைசி வரிசையை எப்படிக் குறைப்பது என்று கேட்டால், லீன் பயின்றவர் வீண் வேலையைக் களையச் சொல்வார். சிக்ஸ் சிக்மா பயின்றவர் ஏற்றத்தாழ்வைக் குறைக்கச் சொல்வார். தடைகள் கோட்பாட்டில் நம்பிக்கை உள்ளவர் இறுகும் இடத்தை முதலில் கண்டுபிடிக்கச் சொல்வார். கணினிப் பாவனை, அதாவது சிமுலேஷன், தெரிந்தவர் எல்லாவற்றையும் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்பார். இவற்றை ஒன்றுக்கொன்று போட்டியாக வைத்து எழுதப்படும் ஒப்பீடுகள் பெரும்பாலும் வரையறைகளோடு நின்றுவிடுவதால், இங்கே நான்கையும் ஒரே கவுண்டரின் மேல் வைத்துப் பார்க்கிறேன்.

கணக்குக்காக ஒரு மருந்துக் கவுண்டரை எடுத்துக்கொள்வோம். மணிக்குச் சராசரியாக 18 பேர் வருகிறார்கள். ஒருவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கச் சராசரியாக 3 நிமிடம் ஆகிறது என்றால், அந்தக் கவுண்டர் மணிக்கு 20 பேரைக் கவனிக்க வல்லது. இருபது பேரைக் கவனிக்கும் இடத்துக்குப் பதினெட்டுப் பேர்தானே வருகிறார்கள், வரிசை ஏன் நிற்க வேண்டும் என்று நிர்வாகிகள் கேட்பதுண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங் 1909-இல் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு இதற்கு விடை தருகிறது. வருகையும் சேவை நேரமும் ஒழுங்கின்றி மாறிக்கொண்டே இருப்பதால், கவுண்டர் 90 விழுக்காடு நேரம் வேலையில் இருக்கும் நிலையில், வரிசையில் நிற்கும் சராசரி நேரம் சேவை நேரத்தைப் போல் ஒன்பது மடங்கு, அதாவது 27 நிமிடம் ஆகிவிடுகிறது. 80 விழுக்காட்டில் அது நான்கு மடங்குதான். 95 விழுக்காட்டிலோ பத்தொன்பது மடங்கு. ஆட்கள் சும்மா இருக்கக்கூடாது என்று கவுண்டரை இறுக்க இறுக்க, அதன் விலையை எதிரே நிற்பவர்கள் செலுத்துகிறார்கள்.

ஒரே கவுண்டரில் நான்கு முறைகள்

டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வளர்த்தெடுத்த உற்பத்தி முறைக்கு 1980களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் சூட்டிய பெயரே லீன். அதன் வழியில் செல்பவர் அறிக்கையோடு அல்ல, கடிகாரத்தோடு கவுண்டருக்குப் பின்னால் போய் நிற்பார். அடிக்கடி கேட்கப்படும் மாத்திரை அறையின் கோடியில் இருப்பதையும், பில் அச்சாகும் இயந்திரம் வேறு மேசையில் இருப்பதையும், சீட்டில் உள்ள கையெழுத்து புரியாமல் மருந்தாளுநர் மருத்துவரிடம் ஆள் அனுப்புவதையும் அவர் குறித்துக்கொள்வார். இந்த அலைச்சலை நீக்கி 3 நிமிடத்தை 2.5 நிமிடமாக்கினால், கவுண்டரின் திறன் மணிக்கு 24 பேர் ஆகிறது. காத்திருப்பு 27 நிமிடத்திலிருந்து 7.5 நிமிடமாகச் சரிகிறது. ஒருவருக்கு அரை நிமிடம் மிச்சமானதில் வரிசை கால் பங்கு அளவுக்கு வந்துவிட்டது. நெருக்கடியில் இருக்கும் கவுண்டரில் சிறு முன்னேற்றம் இவ்வளவு பெரிதாகப் பலிக்கும் என்பதே லீன் முறையின் உண்மையான வலிமை.

ஆனால் அந்த அரை நிமிடம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பது முக்கியம். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன், எதைப் பின், எத்தனை நாள் என்று மருந்தாளுநர் சொல்லும் நேரத்தை வெட்டினாலும் கணக்கில் அதே 7.5 நிமிடம்தான் வரும். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர் சர்க்கரை மாத்திரையைத் தவறாக விழுங்கினால் அது எந்தக் கடிகாரத்திலும் பதிவாகாது. வீண் எது, பயன் எது என்று பிரிக்கும் முடிவை வாங்குபவரின் இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று லீன் முறையே வற்புறுத்துகிறது. ஆட்குறைப்புக்கான கருவியாக அதைப் பிடித்துக்கொண்ட இடங்களில் இந்த முதல் பாடம்தான் முதலில் கைவிடப்பட்டது.

சிக்ஸ் சிக்மா 1986-இல் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் என்ற பொறியாளரின் முயற்சியில் உருவானது. பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 பிழைக்கு மேல் கூடாது என்பது அதன் புகழ்பெற்ற இலக்கு. அது சராசரியைவிட ஏற்றத்தாழ்வையே எதிரியாகப் பார்க்கிறது. நம் கவுண்டரில் சராசரி 3 நிமிடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒருவருக்கு ஒரு நிமிடம் இன்னொருவருக்குப் பத்து நிமிடம் என்ற நிலையை மாற்றி, ஒவ்வொருவருக்கும் சரியாக 3 நிமிடம் என்று ஆக்க முடிந்தால், காத்திருப்பு பாதியாகி 13.5 நிமிடமாகும். ஒருவரும் வேகமாக வேலை செய்யவில்லை. வேலை சீரானது, அவ்வளவே. நடைமுறையில் இவ்வளவு சீர்மை கிட்டாது. ஐந்து மருந்து எழுதிய சீட்டும் ஒரு மருந்து எழுதிய சீட்டும் ஒரே நேரம் பிடிக்க மாட்டா. மேலும், இந்த முறை கேட்கும் அளவுக்குத் தரவு, கையால் டோக்கன் எழுதும் பிரிவுகளில் இருப்பதில்லை. காத்திருப்பைக் குறைக்கச் சிக்ஸ் சிக்மாவைத் தொடங்குவது சுற்றுவழி என்பதே என் எண்ணம். மருந்து மாறிப் போவது, அளவு தவறுவது போன்ற பிழைகளே பிரச்சினையாக இருந்தால், வரையறுத்து, அளந்து, ஆராய்ந்து, திருத்தி, கட்டுக்குள் வைக்கும் அதன் ஐந்து படிகளுக்கு ஈடான ஒழுங்கு மற்ற மூன்றிலும் இல்லை.

இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் 1980களில் பரப்பிய தடைகள் கோட்பாடு இன்னும் முந்தைய கேள்வியைக் கேட்கிறது: இந்தக் கவுண்டர்தான் தடையா? ஒரு தொடரின் வேகத்தை அதன் மிக இறுக்கமான கண்ணியே தீர்மானிப்பதால், வேறெங்கு முன்னேறினாலும் மொத்தப் பயன் மிகச் சிறிது. சீட்டுப் போடும் கவுண்டர்களைக் கூட்டினால் கூட்டம் மறைவதில்லை, மருத்துவர் அறை வாசலுக்கு நகர்கிறது. இக்கோட்பாட்டின் இலக்கணத்துக்கு நான் அறிந்த சிறந்த எடுத்துக்காட்டு மதுரையில் இருக்கிறது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரை அறுவை செய்யும் மருத்துவர் ஒரு மேசையில் வேலை முடிந்ததும் பக்கத்து மேசைக்குத் திரும்புகிறார். அங்கே அடுத்த நோயாளி ஆயத்தமாக இருக்கிறார். மருத்துவரின் நேரம்தான் அரிது என்று ஒப்புக்கொண்டு, பார்வைச் சோதனை முதல் ஆயத்தம் வரையிலான மற்றப் பணிகள் பயிற்சி பெற்ற பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தடை கட்டடத்துக்கு வெளியேயும் இருக்கலாம். இறக்குமதி செய்யப்பட்ட விழிலென்ஸின் விலை ஏழை நோயாளிகளுக்கு எட்டாததாக இருந்ததால், 1992-இல் ஆரோலேப் தொடங்கப்பட்டு லென்ஸ் உள்நாட்டிலேயே செய்யப்பட்டது. எத்தனை மேசை போட்டாலும் அந்தத் தடை விலகியிருக்காது.

இரண்டாவது கவுண்டர் திறந்தால் என்ன என்று கேட்பது இயல்பு. அதே 18 பேருக்கு, பொதுவான ஒற்றை வரிசையில், இரண்டு பேர் மருந்து கொடுத்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்கும் கீழே போகும். ஆனால் இருவரும் பாதிக்கு மேற்பட்ட நேரம் வேலையின்றி இருப்பார்கள், ஒரு சம்பளமும் கூடும். இதைவிடச் செலவற்ற வழி ஒன்று பல இடங்களில் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. ஏற்கெனவே இரண்டு கவுண்டர்கள் இருந்து, ஒவ்வொன்றின் முன்பும் தனி வரிசை நின்று, ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 18 பேர் வந்தால் காத்திருப்பு 27 நிமிடம். இரு வரிசைகளையும் ஒன்றாக்கி, எந்தக் கவுண்டர் காலியானாலும் முன்னால் நிற்பவர் போகலாம் என்று வைத்தால் அது 13 நிமிடத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். இதற்குத் தேவை இரண்டு கம்பங்களும் ஒரு கயிறும்தான்.

சராசரி கைவிடும் இடம்

இதுவரை சொன்ன எல்லாக் கணக்கும் ஒரு பெரிய அனுமானத்தின் மேல் நிற்கிறது: வருகை நாள் முழுவதும் ஒரே சராசரியில் இருக்கிறது என்பது. புறநோயாளிகள் பிரிவில் அது ஒருநாளும் உண்மையில்லை. பத்து மணி முதல் இரண்டு மணி வரை மருந்தகத்துக்கு 72 பேர் வருகிறார்கள் என்றால் மணிக்குச் சராசரி 18 தான். ஆனால் முதல் மணி நேரத்தில் 12 பேர், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் 40 பேர், மீதி இரண்டு மணி நேரத்தில் 20 பேர் என்று வந்தால், பன்னிரண்டு மணிக்கு 20 பேர் தேங்கியிருப்பார்கள்; அப்போது வந்து சேருபவர் ஒரு மணி நேரம் நிற்பார்; வரிசை தீர இரண்டு மணி ஆகிவிடும். தற்செயலான ஏற்ற இறக்கத்தைச் சேர்க்காமலே இந்த நிலை.

நாற்பது பேர் ஒரே மணி நேரத்தில் ஏன் வருகிறார்கள்? ஆய்வகம் முடிவுகளைக் கட்டாகச் சேர்த்துப் பதினொரு மணியையொட்டி மொத்தமாக வெளியிட்டால், அத்தனை பேரும் ஒன்றாக மருத்துவரிடம் திரும்பி, ஒன்றாகவே மருந்தகத்துக்கு வருவார்கள். ஒருவர் ஒரே மருத்துவரை இருமுறை பார்ப்பது, மருத்துவர் தாமதமாக வருவது, பொறுமையிழந்து சிலர் மருந்து வாங்காமலே போவது எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது எளிய சூத்திரங்கள் உதவுவதில்லை. கணினிப் பாவனையின் இடம் இதுதான்.

அது செயல்படும் விதம் மர்மமானதல்ல. கணினிக்குள் ஒரு கடிகாரம் வைக்கப்படுகிறது. அது நொடி நொடியாக நகராமல், ஒருவர் வந்தார், ஒரு சேவை முடிந்தது, ஒரு முடிவு வெளியானது என்று நிகழ்விலிருந்து நிகழ்வுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு நிகழ்வுக்குமான நேரம், அளந்து எடுத்த பரவலிலிருந்து, அதாவது எந்த அளவு நேரம் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற கணக்கிலிருந்து, தற்செயல் எண்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஜெஃப்ரி கார்டன் 1961-இல் இதற்கென்றே ஜிபிஎஸ்எஸ் என்ற மொழியை வெளியிட்டார். அதே பத்தாண்டில் நார்வேயின் கிறிஸ்டன் நைகார்டும் ஓலே-யோஹான் டாலும் உருவாக்கிய சிமுலா, பாவனைக்காகப் பிறந்து, இன்றைய பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கே தாயாக அமைந்தது. இன்று அரீனா, எனிலாஜிக் போன்ற விலையுள்ள மென்பொருள்களும், பைத்தான் தெரிந்தவர்களுக்கு இலவசமான சிம்பையும் கிடைக்கின்றன.

பாவனை தரும் பெரிய வசதி, நோயாளிகளைச் சோதனைப் பொருளாக்காமல் தவறு செய்து பார்க்கலாம் என்பது. எல்லாத் துறைகளுக்கும் நேரம் ஒதுக்கும் முறையைக் கொண்டுவந்தால், புதிய கட்டடத்தில் ஆய்வகத்தை இரண்டாம் மாடிக்கு மாற்றினால், அவசரப் பிரிவில் நான்கு படுக்கைகளைக் கூட்டினால் என்ன ஆகும் என்று, சிமெண்ட் கலப்பதற்கு முன் நூறு நாள்களை ஓட்டிப் பார்க்கலாம். அதன் குறை, அது முன்னேற்றத்தைத் தானாகக் கண்டுபிடிக்காது என்பது. கோடியில் இருக்கும் மாத்திரை அடுக்கை நீங்கள் நேரில் பார்க்காதவரை, அந்த நடை நேரமும் சேவை நேரத்துக்குள் புதைந்து, திரையில் நேர்த்தியாக ஓடிக்கொண்டிருக்கும். கணினிக்குள் இப்படியொரு மாதிரியை அமைக்க வாரக்கணக்கில் காலம் பிடிக்கும். ஒரே ஒரு ஓட்டத்தின் விடையை வைத்து முடிவெடுப்பது, ஒரே ஒரு நாளைப் பார்த்துவிட்டு மருத்துவமனையை அளப்பதற்குச் சமம். பலமுறை ஓட்டி, விடை எந்த எல்லைக்குள் ஊசலாடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓடும் உருவங்களின் அழகைப் பார்த்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்துவிடுவது நேர்மையான பொறியாளரைக் கவலைப்பட வைக்க வேண்டிய விஷயம்.

எதைத் தேர்வது

முறைகளின் பெருமையைப் பார்க்காமல், சோதனை தவறினால் இழப்பு யாருக்கு, அதைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டுத் தேர்வதையே நான் பரிந்துரைப்பேன். அடுக்கை மாற்றுவது, வரிசைகளை ஒன்றாக்குவது, ஆய்வக முடிவுகளை அரைமணிக்கு ஒருமுறை சிறு கட்டாக வெளியிடுவது ஆகியவற்றை நாளைக் காலையே செய்து பார்க்கலாம். சரிப்படாவிட்டால் மறுநாள் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். இவற்றுக்கும் கணினி மாதிரியைக் கட்டச் சொல்வது காலத்தை வீணாக்குவது. சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2002-இல் டொயோட்டா முறையை ஏற்றபோது, அதன் தலைவர்கள் ஜப்பானின் தொழிற்கூடங்களுக்கே சென்று பார்த்ததும், நேரில் நின்று கற்பதன் மதிப்பை உணர்ந்ததால்தான். கட்டடம், படுக்கை எண்ணிக்கை, நிரந்தரப் பணியிடம் போல ஒருமுறை எடுத்தால் ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டிய முடிவுகளுக்குப் பாவனை இல்லாமல் போவது பொறுப்பின்மை. இரண்டுக்கும் இடைப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கத் தாளில் எழுதும் வரிசைக் கணக்கே போதும்.

வரிசை முறையாக வைத்தால், தடை எங்கே என்று கண்டறிவது முதலிலும், அங்கே வீண் வேலையைக் களைவது அடுத்தும், எஞ்சிய ஏற்றத்தாழ்வை அடக்குவது அதன் பின்னும், பெருஞ்செலவு முடிவுக்கு மட்டும் பாவனை கடைசியிலும் வர வேண்டும். வீண் வேலையைக் களைவதற்கு முன்பே மாதிரி கட்டினால், தேவையற்ற வேலைக்குத் தேவையான ஆள் எத்தனை என்பதைத்தான் அது துல்லியமாகக் கணக்கிட்டுத் தரும்.

மாதிரியைக் கட்டியே ஆக வேண்டிய இடத்தில், புதிய யோசனை எதையும் அதில் ஏற்றுவதற்கு முன் இன்றைய ஏற்பாட்டை அப்படியே ஓட்ட வேண்டும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, மணிக்கு 60 பேர் வந்து ஒவ்வொருவரும் சராசரியாக 3 மணி நேரம் தங்கினால், சராசரியாக 180 பேர் உள்ளே இருக்க வேண்டும். மாதிரி வேறு எண்ணைக் காட்டினால் எங்கோ பிழை இருக்கிறது. அந்தச் சோதனையிலும் தேறிய பிறகு, கவுண்டரில் பத்தாண்டுகளாக நிற்கும் மருந்தாளுநரைத் திரையின் முன் உட்கார வைத்து, பன்னிரண்டு மணி நெரிசலைக் காட்டி, உங்கள் வேலைநாள் இப்படித்தான் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லை என்று அவர் சொன்னால், திருத்த வேண்டியது மாதிரியைத்தான்.