கன்னியக்கோயிலா, ரெட்டிச்சாவடியா? இரண்டு பக்கத்து அரசுப் பள்ளிகளும் ஒரு அப்பாவின் பார்வையில்

புதுச்சேரி எல்லையில் இருக்கும் கன்னியக்கோயிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு, கடலூர் மாவட்டத்து ரெட்டிச்சாவடி. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கடைக்கு வருவார்கள். என் மகள் புதுச்சேரி அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். அக்கா மகன் கடலூர் பக்கம் அரசுப் பள்ளியில், அவனும் பத்தாவதுதான். பிள்ளையை எந்தப் பக்கம் சேர்க்கலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சாப்பாட்டில் இரண்டு பக்கமும் குறை சொல்ல முடியாது. பள்ளியில் மதியம் சாப்பாடு போடும் வழக்கம் புதுச்சேரியில் 1930இல் பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே வந்துவிட்டது. காலையில் பால் கொடுக்கும் ரொட்டிப்பால் திட்டமும் இங்கே 2002இலேயே வந்தது. ஆனால் காலையில் வயிறு நிறையச் சூடான டிபன் என்று பார்த்தால் தமிழ்நாடு முந்திவிட்டது. 2022 செப்டம்பரில் ஆரம்பித்து, அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்கக் கொண்டுபோய்விட்டார்கள். அக்காவின் சின்னவள் பொங்கல் போடும் நாளில் வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கிளம்பிவிடுவாள்.

பெரிய வித்தியாசம் பாடத்தில்தான். புதுச்சேரிக்குச் சொந்தமாகப் பாடத்திட்ட வாரியம் கிடையாது. முன்பெல்லாம் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடம், மாஹே கேரளப் பாடம், ஏனாம் ஆந்திரப் பாடம். 2023-24இல் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றாவதும் சிபிஎஸ்இக்கு மாறின. அடுத்த ஆண்டு பத்தாவதும் பன்னிரண்டாவதும் மாறின. எட்டாவது வரை தமிழ்நாட்டின் சமச்சீர் புத்தகம் படித்த பிள்ளைகூட ஒன்பதாவதில் திடீரென்று சிபிஎஸ்இக்கான என்சிஇஆர்டி புத்தகத்தோடு உட்கார வேண்டியிருந்தது. மாற்றம் தப்பில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இதிலேயே வரும் பிள்ளை நன்றாகவே படிக்கும், அதையும் கடையில் பார்க்கிறேன். நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்குத்தான் கைகொடுக்க ஆள் இல்லாமல் போனது. மாறிய ஆண்டில் என் மகள் படிக்கும் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் மாதக்கணக்கில் காலி. புத்தகமும் தாமதம். என் கடையில்தான் பாடம் பாடமாகப் பிரிண்ட் எடுத்துப் போனார்கள்.

சிபிஎஸ்இ பத்தாவது கணக்குத் தாளின் கடைசிப் பகுதியில் நான்கு மார்க் கேள்விகள் மூன்று வரும். ஒரு சூழ்நிலையைப் பத்தி மாதிரி எழுதி, அதிலிருந்து கேட்பார்கள். மாதிரித் தாள் ஒன்றில் கலங்கரை விளக்கத்து உச்சியிலிருந்து இரண்டு கப்பலைப் பார்க்கிற கேள்வி. எல்லாம் இங்கிலீஷ். மகள் அதைப் படித்துவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள். நான் தமிழில் சொன்னேன். உடனே படம் போட்டாள், இரண்டு முக்கோணம் வரைந்தாள், டேன் 30, டேன் 45 எழுதி விடையைக் கொண்டுவந்துவிட்டாள். அவளுக்குக் கணக்கு வருகிறது. கேள்விக்குள் போக வழிதான் இல்லை. அக்கா மகனுக்கு இந்தத் தொல்லை இல்லை, புத்தகமும் கேள்வித்தாளும் தமிழிலேயே இருக்கின்றன. ஆனால் அவன் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்தே ஓட்டுகிறான். கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கிறான். யோசிக்க வைக்கிற விஷயத்தில் மகளின் பாடம் மேல் என்றுதான் சொல்வேன்.

தேர்ச்சி சதவீதத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். 2025இல் தமிழ்நாட்டில் பத்தாவது தேர்ச்சி 93.80 சதவீதம். அதே ஆண்டுதான் புதுச்சேரி அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல்முறையாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினார்கள். வேறு தேர்வு, வேறு கேள்வி. இந்தப் பக்கத்து டீச்சர்களைக் குறை சொல்ல அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவது நியாயமே இல்லை.

என்னைக் கேட்டால், ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பவர்கள் தாராளமாகப் புதுச்சேரியில் சேர்க்கலாம். தமிழ் வழியில் எட்டாவது வரை வந்துவிட்ட பிள்ளையை இந்தப் பக்கம் இழுக்க வேண்டாம். புதுச்சேரி கல்வித்துறை உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம், கணக்கையும் அறிவியலையும் தமிழில் விளக்கி இங்கிலீஷில் எழுத வைக்கிற வகுப்பு வேண்டும்.

அப்புறம், சலுகை விஷயம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. இரண்டுக்கும் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அங்கேயே படித்திருக்க வேண்டும். புதுச்சேரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்பிபிஎஸ்ஸில் 10 சதவீதம் தனியாக உண்டு. வீடு மாறினோம், பஸ் வசதி என்று நடுவில் பள்ளியை மாற்றினால் இதெல்லாம் கையைவிட்டுப் போகலாம். டி.சி. வாங்கப் போகும் முன் தலைமை ஆசிரியரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.